வன்முறை விளையாட்டுகளும் கிறிஸ்தவப் பெற்றோரும்

வீடு சந்திக்கச் செல்லும் ஆயர்கள் இந்நாட்களில் ஒரு வினாவைத் தவறாமல் எதிர்கொள்கின்றனர். பிள்ளைகளைத் திரைப்படத்திற்கு அனுப்பலாமா என்று முற்காலத்தில் கேட்ட அதே தாழ்ந்த குரலில், "ஐயா, பையன் கைபேசியில் எந்நேரமும் ஆட்களைச் சுட்டுக்கொண்டே இருக்கிறான், இதை விடலாமா?" என்று தாய்மார் கேட்கின்றனர். தந்தையர் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர்களுள் சிலர் தாமும் அவ்விளையாட்டை ஆடுகின்றனர். நம்மில் பலர் இதற்கு அளிக்கும் விடை 'கூடாது' என்னும் ஒரே சொல். அவ்விடை தவறென்று நான் கூறவில்லை. ஆனால் அதற்கு நாம் காட்டும் காரணம் தவறாயிருப்பின், சரியான விடையும் பிள்ளையின் செவியில் பொய்யாகவே ஒலிக்கும். இதைப் பட்டறிந்தவன் என்னும் முறையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பேசுபொருளின் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். எல்லா வீடியோ விளையாட்டுகளையும் பற்றி ஈண்டுப் பேசவில்லை. பந்தாட்டமும் கார்ப் பந்தயமும் புதிர் அவிழ்த்தலும் நம் விவாதத்திற்கு வெளியே நிற்கின்றன. வயது வந்தோருக்கு மட்டுமே உரியவை என்று முத்திரையிடப்பட்டு, கொலையும் சித்திரவதையும் குருதியும் நிறைந்து வரும் விளையாட்டுகளே நம் பொருள். அமெரிக்காவில் 1994இல் தோன்றிய தர மதிப்பீட்டு வாரியம் இவற்றுக்கு 'எம்' என்னும் எழுத்தை இட்டு, 17 வயதுக்குக் குறைந்தோருக்கு ஏற்றதன்று என்கிறது. ஐரோப்பாவில் 2003 முதல் வழங்கும் 'பெகி' முறை 18 என்னும் எண்ணை இடுகிறது.

வேறு இரு கேடுகளையும் இதனோடு கலந்துவிடக் கூடாது. பணம் வைத்து ஆடுவது ஒன்று. அத்தகைய இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆட்டத்தை நிறுத்த இயலாமல் உறக்கத்தையும் படிப்பையும் இழப்பது மற்றொன்று. உலகச் சுகாதார நிறுவனம் இந்நிலையைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது; அவ்வகைப்பாடு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. குருதித் துளி ஒன்றும் இல்லாத விளையாட்டினாலும் இது நேரலாம். அந்நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் தேவை. அருளுரை மட்டும் போதாது. மூன்றையும் ஒரே கண்டனத்தில் கட்டிப்போடுவது நமக்கு எளிது. ஆனால் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

ஒரு தவறான அருளுரை

2019ஆம் ஆண்டில் பப்ஜி என்னும் விளையாட்டு நம் ஊர்த் திண்ணைகளையெல்லாம் பிடித்திருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் காவல்துறை அதற்குத் தடை விதித்து, மீறி ஆடிய மாணவர் சிலரைக் கைதும் செய்தது. அச்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் ஆறாம் கட்டளையைப் பற்றிப் பேசினேன். திரையில் சுடுகிறவன் நாளை தெருவில் சுடுவான் என்றேன். மேலைநாட்டுப் பள்ளிகளில் நிகழ்ந்த படுகொலைகளைச் சான்றாக அடுக்கினேன். பெற்றோர் மகிழ்ந்தனர். சேகரக் கமிட்டியார் கை குலுக்கினர்.

ஆராதனை முடிந்தபின் வெஸ்டிரி வாயிலில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் காத்துநின்றான். "ஐயா, நானும் ஆடுகிறேன். நான் யாரையும் கொல்லமாட்டேன். நீங்கள் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "யாகேல் கூடார முளையைச் சிசெராவின் தலையில் அடித்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள்தாமே எங்களுக்குப் படம் வைத்துச் சொன்னீர்கள்?" என்பது அவனுடைய இரண்டாம் கேள்வி. பெரியவர்களிடம் இப்படிப் பேசலாகாது என்று கண்டித்து அனுப்பிவிட்டேன். அதன்பின் பல மாதங்கள் அவன் ஆலயத்திற்கு வரவில்லை. அவன் கேட்டவை குறும்புக் கேள்விகள் அல்ல. இறையியல் கல்லூரியில் ஒரு மாணவர் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன் என்னும் எண்ணம் நெடுநாள் என்னை உறுத்தியது.

2020 செப்டம்பர் 2ஆம் நாள் நடுவண் அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. நான் பீடத்திலிருந்து நன்றி செலுத்தினேன். அரசு காட்டிய காரணம் வன்முறை அன்று, நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல்களும் என்பதைப் பிறகே செய்தித்தாளில் ஊன்றிப் படித்தேன். மறு ஆண்டே அவ்விளையாட்டு இந்தியாவுக்கென்று வேறு பெயரில் திரும்பிவந்தது.

ஆய்வுகள் கூறுவது யாது?

நான் கூறியது உண்மைதானா என்று ஆராய முற்பட்டபோது எனக்குக் கிட்டிய விடை வெட்கந்தருவதாயிருந்தது. அமெரிக்க உளவியல் கழகம் இப்பொருளைக் குறித்து 2015இல் தீர்மானம் ஒன்றை வெளியிட்டு, 2020இல் அதை மறுபார்வை செய்தது. வன்முறை விளையாட்டுகளுக்கும், கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்திற்கும் இடையே சிறிய அளவில் தொடர்பு காணப்படுகிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் கொலை முதலிய கொடுஞ்செயல்களுக்கு விளையாட்டையே காரணமாகக் காட்டுவதற்குப் போதிய சான்றில்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது. 2019இல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் அவர்தம் துணையாய்வாளரும் பிரித்தானியாவில் 14, 15 வயதினர் 1,004 பேரை ஆராய்ந்து, அச்சிறிய தொடர்பும் தங்கள் ஆய்வில் புலப்படவில்லை என்றனர். பிள்ளைகளின் நடத்தையைப் பிள்ளைகளிடமே கேளாமல் பெற்றோரிடம் கேட்டறிந்தது அவ்வாய்வின் சிறப்பு. இவர்களோடு மாறுபடும் அறிஞரும் உளர். அயோவாவின் கிரெய்க் ஆண்டர்சன் போன்றோர் தீங்கு உண்டென்றே பல்லாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். எனினும் 'ஆடுகிறவன் கொலைஞன் ஆவான்' என்பதை இருசாராருள் எவரும் நிலைநாட்டவில்லை.

அப்படியாயின் நான் ஆறாம் கட்டளையை விளக்கப்போய் ஒன்பதாம் கட்டளையை மீறினேன் என்பதே பொருள். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சான்று கூறலாகாது என்பதில் பதினான்கு வயது அயலானும் அடங்குவான் அல்லவா? இதைக் கூறுவதால், விளையாட்டு நிறுவனங்களுக்காக வாதாட வந்தேன் என்று எவரும் கருதவேண்டா. அவை பொருளீட்டப் பிறந்தவை. அவற்றுக்கு வழக்கறிஞர் பலர் உளர்.

சட்டம் விட்ட இடம்

இவ்வினாவை நாம்தாம் முதன்முதல் எழுப்புகிறோம் என்று எண்ணவேண்டா. 1992இல் வெளிவந்த 'மார்ட்டல் கோம்பாட்' என்னும் சண்டை விளையாட்டில், வென்றவன் தோற்றவனின் இதயத்தைக் கையால் பறித்தெடுக்கும் காட்சி இருந்தது. அது வீடுகளுக்குள் புகுந்தபோது அமெரிக்கப் பெற்றோர் திடுக்கிட்டனர். 1993 டிசம்பரில் ஜோசப் லீபர்மன் முதலிய செனட்டர்கள் விசாரணை நடத்தினர். அரசு தலையிடுமுன் தாமே ஒழுங்கு செய்துகொள்வது நலமென்று கண்ட நிறுவனங்கள் மறு ஆண்டில் மேற்சொன்ன தர வாரியத்தை நிறுவின. வயது முத்திரை பெற்றோரின் கையில் ஒரு கருவி. விற்பனையாளரைச் சட்டப்படி கட்டும் விலங்கு அன்று.

விலங்கிட முயன்ற மாநிலம் கலிபோர்னியா. கொடிய வன்முறை விளையாட்டுகளைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பவருக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தை 2005இல் அது இயற்றியது. அதில் கையொப்பமிட்ட ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர், துப்பாக்கியேந்திய படங்களால் உலகப் புகழ் பெற்ற அதே நடிகர்தாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 சூன் 27ஆம் நாள், எழுவருக்கு இருவர் என்னும் கணக்கில், அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, கிரிம் சகோதரரின் சிறுவர் கதைகளிலும் ஹோமரின் காவியத்திலும் கொடுமை இல்லையா என்று வினவினார். விளையாட்டுகளும் நூல்களைப் போன்றே பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றார். மாறுபட்ட இருவருள் பிரெயர், பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு நிர்வாணப் படத்தை விற்பதைத் தடுக்கும் சட்டம், கட்டுண்ட பெண்ணை அவன் திரையில் வதைக்க உதவும் விளையாட்டை விற்கலாமென்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார். மற்றவரான தாமஸ், பிள்ளையோடு பேசவேண்டுமாயின் பெற்றோர் வழியாகவே பேசவேண்டுமென்னும் பழைய மரபை எடுத்துக்காட்டினார். எனக்கு ஸ்காலியாவின் தருக்கம் வலிமையுடையதாகவும் பிரெயரின் வினா மறக்க இயலாததாகவும் தோன்றுகிறது.

அந்நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டாது. ஆயினும் அத்தீர்ப்பினால் ஒன்று தெளிவாகிறது. விற்பவனையும் அரசையும் கடந்து, முடிவு வீட்டிற்கே வந்துசேருகிறது. இல்லத்தில் அமர்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கும் கடமையை உபாகமம் 6:7 பெற்றோரிடமே ஒப்படைத்துள்ளது; அதைத் தர வாரியத்திடம் ஒப்படைக்கவில்லை.

அலிப்பியுவின் கண்கள்

தீமை நாளைய செயலில் இல்லையெனில், வேறெங்கே இருக்கிறது? இதற்குத் திருச்சபை வரலாற்றில் நான் அறிந்த மிகச் சிறந்த விளக்கம் தூய அகுஸ்தீனிடம் உள்ளது. அவர்தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுவைப் பற்றி விரிவாக எழுதுகிறார். சட்டம் பயில ரோமாபுரிக்குச் சென்ற அலிப்பியு, மனிதர் மனிதரைக் கொல்லும் வாட்போர்க் காட்சிகளை அருவருத்தவர். உடன்பயின்ற நண்பர்கள் ஒருநாள் அவரை வழியில் கண்டு, விளையாட்டாக இழுத்துச் சென்றனர். உடலைத்தான் இழுக்கிறீர்கள், உள்ளத்தை இழுக்க இயலாது என்னும் கருத்துப்படப் பேசிய அவர், வட்டரங்கில் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒருவன் வெட்டுண்டு விழ, கூட்டம் ஆர்ப்பரித்தது. எது நேர்ந்தாலும் அதை இகழ வல்லேன் என்னும் துணிவோடு அலிப்பியு கண்களைத் திறந்தார். வீழ்ந்தவன் உடலில் பெற்ற காயத்தைவிடக் கொடிய காயத்தை அவர் ஆன்மாவில் பெற்றார் என்கிறார் அகுஸ்தீன். அதன்பின் அவர் தாமே விரும்பி அங்குச் சென்றார். பிறரையும் அழைத்துச் சென்றார்.

அலிப்பியு யாரையும் கொன்றாரென்று அகுஸ்தீன் எழுதவில்லை என்பதை இறையியல் மாணவர் கவனிக்க வேண்டும். அவர் கொலைஞரானார் என்பது குற்றச்சாட்டன்று. கொலையைக் கண்டு மகிழக் கற்றார் என்பதே. பிலிப்பியர் 4:8இல் பவுலடிகள் உண்மையும் ஒழுக்கமும் அன்புக்குரியதுமானவற்றைச் சிந்திக்குமாறு ஏவுவதும் இவ்விடத்தையே தொடுகிறது. உள்ளம் எதில் தங்கிப் பழகுகிறதோ அதன் சுவை உள்ளத்திற்கு ஏறுகிறது. இதை அளக்க ஆய்வாளரிடம் அளவுகோல் இல்லை. வினாத்தாளில் 'தள்ளினானா, கத்தினானா' என்று கேட்கலாம்; 'எதைக் கண்டு இன்புற்றான்' என்று கேட்பது அரிது.

எதிர்வாதம் ஒன்றை இங்கேயே கூறிவிட வேண்டும். வட்டரங்கில் மெய்யாகவே மனிதர் மாண்டனர். திரையில் ஒருவரும் மாளுவதில்லை. இவ்வேறுபாடு சிறியதன்று. தெர்த்துல்லியன் தம் 'காட்சிகள்' பற்றிய நூலில் கூறியவற்றை அப்படியே எடுத்து இன்றைய பிள்ளைகள்மேல் வீசுவோர், அவர்தம் முதல் வாதம் அக்காட்சிகளில் கலந்திருந்த உருவ வழிபாட்டைப் பற்றியது என்பதை மறக்கின்றனர். எனவே வீடியோ விளையாட்டை ஆடுவது கொலைப் பாவமென்று நாம் கூறலாகாது. எனினும் அலிப்பியு பார்த்துக்கொண்டிருந்தார். இக்காலப் பிள்ளையோ விரலை அழுத்துகிறான். 2009இல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' என்னும் விளையாட்டில், பயங்கரவாதிகளோடு மறைந்து சேர்ந்தவனாக விமான நிலையமொன்றில் நடந்து, நிராயுதபாணிகளான பயணிகள் வீழ்த்தப்படும் காட்சியில் ஆடுபவனும் பங்குகொள்கிறான். விரும்பாதவர் அப்பகுதியைத் தவிர்த்துச் செல்லலாமென்று முன்னரே அறிவிப்பு வருகிறது. ஆடுபவன் சுடாமலும் நடக்கலாம். வயது வந்த ஒருவர் அவ்வறிவிப்பைப் படித்து, தவிர்ப்பதா வேண்டாவா என்று தம்மையே கேட்டுக்கொள்ளக்கூடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வறிவிப்பு, திறக்கலாகாத பெட்டியின்மேல் எழுதிய அழைப்பிதழே.

யாகேலின் முளை

இனி அச்சிறுவனின் இரண்டாம் கேள்வி. திருமறையில் வன்முறை உண்டு. தாவீது கோலியாத்தின் தலையை வெட்டினான். யாகேல் உறங்குபவனைக் கொன்றாள். திருமறை கொலையைக் கூறும்போதெல்லாம் கண்டிக்கவே கூறுகிறது என்று நம்மில் சிலர் விடையளிப்பர். அது உண்மையன்று. நியாயாதிபதிகள் ஐந்தாம் அதிகாரத்தில் தெபோராள் யாகேலை வாழ்த்துகிறாள். எளிய விடை இங்கு இல்லை. இருப்பதாக நடிப்பது மாணவருக்கும் சிறுவருக்கும் நாம் செய்யும் அவமதிப்பு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. யாகேலின் கதையை அச்சிறுவன் தனியே கேட்கவில்லை. அதைச் சொல்லும் வாய் ஒன்று அவன்முன் இருந்தது. அவ்வாயை அவன் கேள்வி கேட்டான். ஐந்தாண்டுகள் கழித்தும் கேட்டான். எத்தியோப்பிய மந்திரி தேரில் அமர்ந்து படித்தபோது, வழிகாட்ட ஒருவரில்லாமல் தமக்கு விளங்காதென்று பிலிப்புவிடம் ஒப்புக்கொண்டதை நாமறிவோம் (அப். 8:31). தேரில் ஏறி அருகே அமர்ந்த பிலிப்புதான் கைபேசி ஏந்திய நம் பிள்ளைகளுக்கு இல்லை. நள்ளிரவில் போர்வைக்குள் காதுக்கருவியோடு ஆடும் பிள்ளைக்கு, தான் கண்டதைக் குறித்து ஒரு சொல் பேசவும் ஆளில்லை.

வீட்டில் செய்யத்தக்கது

ஆகவே தாய்மார் என்னிடம் கேட்கும்போது இன்று நான் கூறும் விடை இது. வயது வந்தோருக்கென்று முத்திரையிட்ட விளையாட்டைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டா. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறுக்குமுன் அதை நீங்களே ஒருமுறை பாருங்கள். பாராமல் மறுப்பவரைப் பிள்ளை மதிப்பதில்லை, மதிக்கவும் வேண்டியதில்லை. 'நீ கெட்டுப்போவாய்' என்று அச்சுறுத்தாமல், 'இதில் நீ மகிழ்வதை நான் விரும்பவில்லை' என்று கூறுங்கள். இரண்டாவது கூற்று உண்மையானது. பிள்ளையால் பொய்யென்று நிறுவ இயலாதது. பதினைந்து, பதினாறு வயதினரிடம் முற்றாக மறுப்பது பல வீடுகளில் பயனற்றுப்போகும். நண்பன் வீட்டில் அவன் ஆடியிருப்பான். அவனோடு அருகே அமருங்கள், அவன் ஆடுவதைப் பாருங்கள், கேளுங்கள். தந்தையர் பிள்ளைகளைக் கோபமூட்டலாகாதென்று எபேசியர் 6:4 கூறுவது, ஆட்டத்தின் நடுவே கைபேசியைப் பறித்து எறிகிற தந்தையையும் நோக்கியே எழுதப்பட்டதென்று கொள்ளலாம். அதே தந்தை இரவுணவின்போது தொலைக்காட்சியில் அரிவாள் வீச்சுப் படத்தைப் பார்த்துச் சிரிப்பாராயின், அவர் வாயிலிருந்து வரும் தடைக்கு விலையில்லை.

மற்றொன்றையும் ஆயர்கள் அறிந்திருத்தல் நலம். ஊரடங்குக் காலத்தில் நான் அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்றேன். தந்தை வளைகுடா நாட்டில் பணியிலிருந்தார். தாய் மருத்துவமனைச் செவிலியர், இரவுப் பணி. அவனுக்கு அவ்விளையாட்டு ஒரு போர்க்களமாக அன்று, நான்கு நண்பர்களின் குரல் கேட்கும் ஒரே இடமாக இருந்தது. என்னை அருகில் அமரவைத்து ஆடிக்காட்டினான். நான் ஆடினேன், அரை நிமிடத்தில் மாண்டேன். நால்வரும் காதுக்கருவிக்குள் சிரித்தனர். அன்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அருளுரையில் கூறியது உண்மையன்று என்றேன். அலிப்பியுவின் கதையையும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, "சுட்டு விழுத்தும்போது எனக்கும் ஒரு சந்தோஷம் வரும், ஐயா. அது எனக்குத் தெரியும்" என்றான். என் அருளுரை முழுவதும் அவனிடமிருந்து பெறாத வாக்குமூலம் அது.

அலிப்பியுவைப் பற்றிய வேறொரு செய்தியையும் அகுஸ்தீன் பதிவு செய்துள்ளார். ரோமாபுரிக்குச் செல்லுமுன், கார்த்தேஜில், அலிப்பியு தேர்ப்பந்தய வெறியில் சிக்கியிருந்தார். ஒருநாள் பாடம் நடத்திய அகுஸ்தீன், விளக்கத்திற்காகப் பந்தயத்தை எடுத்துக்கூறி அதில் மயங்குவோரைச் சற்று எள்ளினார். அலிப்பியுவை அவர் அப்போது நினைக்கவேயில்லை. அலிப்பியுவோ அது தமக்கே சொல்லப்பட்டதென்று கொண்டு, பந்தயத்தை விட்டொழித்தார். குறிபார்த்து எறிந்த கண்டனத்தைவிடக் குறிபாராத ஒரு சொல் உள்ளே சென்றது. ஆனால் அது நிலைக்கவில்லை. ரோமாபுரியில் வாட்போர் அவரைப் பிடித்துக்கொண்டது. நெடுங்காலத்திற்குப் பின்னரே விடுதலை கிட்டியது. பிற்காலத்தில் அவர் தகாஸ்தே நகரின் பேராயரானார். பிள்ளைகள் ஒரே வாரத்தில் மாறவேண்டுமென்று எதிர்பார்க்கும் பெற்றோரிடம் இதை நான் சொல்வதுண்டு.

அச்சிறுவன் இன்று கல்லூரி முடித்து, எங்கள் வாலிபர் சங்கத்தில் பொறுப்பு வகிக்கிறான். சென்ற மாதம் என்னிடம் வந்து, 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டைச் சங்கத்தில் ஆடி விவாதிக்கலாமா என்று கேட்டான். போலந்து நாட்டு நிறுவனமொன்று 2014இல் வெளியிட்டது அது. அதில் ஆடுபவன் போர்வீரன் அல்லன். முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் தேடும் குடிமக்களை அவன் காக்க முயல்கிறான். பிறரிடமிருந்து திருடினால் அவர்கள் துயரத்தில் ஆழ்கின்றனர். சரயேவோ முற்றுகையின் நினைவிலிருந்து பிறந்தது என்பர். பள்ளி மாணவருக்கான துணைப்பாடப் பட்டியலில் அதைச் சேர்ப்பதாக 2020இல் போலந்து அரசு அறிவித்தது. அதன்மேலும் 18 என்னும் முத்திரை இருக்கிறது. ஆகவே அம்முத்திரை வயதைக் கூறுகிறதேயன்றி, உள்ளிருப்பது நன்றோ தீதோ என்பதை அது கூறவில்லை. சேகரக் கமிட்டியில் இருவர் எதிர்த்தனர். ஒருவர் முதலில் தாம் பார்க்கவேண்டுமென்றார். பதினெட்டு நிரம்பியோர் மட்டும், ஒரு சனி மாலை, விளக்கை அணைக்காமல், என்று முடிவாயிற்று. நானும் போகிறேன். இம்முறை அரை நிமிடத்திற்குமேல் உயிரோடிருக்க முயலுமாறு அவன் எனக்கு அறிவுறுத்தியிருக்கிறான்.